ஆறாம் பெட்டியில் அந்தோனியார்

எமிலுக்கு நண்டைத் தெரியும். உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் நண்டை வைத்தே அவன் அளப்பான். மன்னாரில் பேசாலைக் கரையில் இருக்கும் அவனுடைய ஓலைக் கொட்டிலான வாடியிலிருந்து உயிரோடு கொழும்புக்குப் போகிற நண்டு ஒரு கால்கூட ஒடியாமல் போய்ச் சேரும் என்பது ஊரறிந்த விஷயம். ஊர் மறந்தாலும் அவன் மறக்க விடமாட்டான். கரையில் ஒதுங்குகிற கடற்புல்லை அங்கே சாதாளை என்பார்கள். அதை அள்ளி நனைத்து, பெட்டியின் அடியில் ஒரு படுக்கை, அதன்மேல் நண்டு, நண்டின்மேல் இன்னொரு படுக்கை என்று அடுக்குவான். விரல் நுழைய இடம் இருக்காது. பெட்டியை உருட்டிவிட்டாலும் உள்ளே இருக்கிற ஆளுக்குத் தெரியக்கூடாது என்பது அவனுடைய கட்டளை. நண்டை ஆள் என்றுதான் சொல்லுவான்.

அந்தக் கைதான் அவனைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை, வாடியில் நண்டுக்குக் கால் கட்டிக்கொண்டிருந்தபோது மெல்பேர்ணிலிருந்து தங்கை ஜெயனி தொலைபேசி எடுத்தாள். அவளும் புருசன் நிறோஜனும் பங்குனியில் அங்கே போனவர்கள். அவளுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் தாதி வேலை. அந்த வேலையை நம்பித்தான் இருவருக்கும் விசா. வீட்டுச் சாமான்களை ஆறு பெட்டிகளில் கப்பலில் போட்டிருந்தார்கள். மூன்று மாதமாக ஒரு மேசை, இரண்டு கதிரை, யாரோ தந்த ஒரு சட்டியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவளுக்குப் பெட்டிகள் வந்து சேர்ந்த சந்தோசம் குரலில் துள்ளியது. பெட்டிகளைத் துறைமுகத்திலிருந்து எடுக்க ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். அதில் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் என்ன இருக்கிறது, எதை வைத்துக் கட்டியது என்று கேட்டிருக்கிறார்களாம்.

"அண்ணா, ஆறாவது பெட்டி நீங்கள் கட்டினது. இடையில என்ன வைச்சனீங்கள்? இலை, வைக்கோல், கடல்ச் சாமான் ஒண்டும் இல்லைத்தானே? இஞ்ச அதுகளுக்குச் சரியான கட்டுப்பாடு."

எமில் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கத்தில் நிறோஜன் இருமினான். அவனும் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்ததும் எமிலின் வாய் தன்பாட்டுக்கு வேறு வழியில் போய்விட்டது.

"நிறோஜன் தந்த குமிழ்ப் பிளாஸ்ரிக்கும் புதுப் பேப்பரும்தான். வேற ஒண்டுமில்லை."

"நீங்கள் சொன்னாச் சரி அண்ணா," என்றாள் ஜெயனி.

அது அவள் வழமையாகச் சொல்லுகிற வார்த்தைதான். அண்ணன் நல்ல மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குகிறவள் அவள். நிறோஜனைக் கட்டுவதற்கு முன்புகூட அதைத்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு எமில் நண்டைச் சாட்டி இணைப்பைத் துண்டித்தான்.

நடந்தது இதுதான். மன்னார் ரவுணில் வங்கியில் வேலை செய்த நிறோஜன் எதையும் ஒழுங்காகச் செய்கிற ஆள். ஐந்து பெட்டிகளை அவனே கட்டினான். ஒவ்வொரு தட்டையும் ஒவ்வொரு கிளாசையும் அந்தக் குமிழ்ப் பிளாஸ்ரிக்கில் சுற்றி, இலக்கம் போட்டு, பட்டியல் எழுதி, பட்டியலுக்கு ஒரு பிரதியும் எடுத்தான். எமில் பக்கத்தில் இருந்து நையாண்டி பண்ணினான். மச்சான் கண்ணாடிக்குக் காற்றைச் சுற்றுகிறார், இதற்கு ஒரு படிப்பு வேண்டிக்கிடக்கிறது என்றான். நிறோஜன் சிரித்துவிட்டு அடுத்த கிளாசைச் சுற்றினான்.

ஆறாவது பெட்டிக்குரிய சாமான்களை அப்போது தொட முடியவில்லை. அவை அம்மா செலீனாவின் சாமான்கள். பங்குச் சுவாமி சாப்பிட வந்தால் மட்டும் அலுமாரியிலிருந்து இறங்குகிற எட்டுப் பீங்கான் கோப்பைகளும், ஒன்றரை அடி உயரத்தில் அந்தோனியார் சுரூபமும். போன வருடம் கண்ணை மூடுவதற்கு முன்னர் அம்மா, அந்தோனியாரை ஜெயனியோடு அனுப்பு, அவள்தான் தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத இடத்துக்குப் போகிறவள் என்று சொல்லிவிட்டாள். அம்மாவின் ஆண்டுத் திருப்பலி சித்திரையில். அதுவரை சுரூபம் வீட்டில் இருக்க வேண்டும். அதனால் அதைக் கட்டி ஆறு பெட்டிகளையும் கொழும்புக்கு அனுப்புகிற பொறுப்பை எமிலிடம் விட்டு, மிச்சக் குமிழ்ப் பிளாஸ்ரிக் உருளையையும் அவன் கையில் கொடுத்துவிட்டு அவர்கள் விமானம் ஏறினார்கள்.

எமில் அந்தப் பிளாஸ்ரிக்கால் ஒருமுறை சுற்றிப் பார்த்தான். சும்மா சொல்லக்கூடாது, பார்த்தான். பெட்டியை மூடி ஆட்டியபோது உள்ளே அந்தோனியார் அங்குமிங்கும் அசைந்தது கேட்டது. எமிலுக்குக் கோபம் வந்துவிட்டது. தொண்ணூறாம் ஆண்டு அப்பா சிங்கராசா இதே சுரூபத்தை ஒரு நண்டுப் பெட்டிக்குள் சாதாளை போட்டு இறுக்கி, படகில் இராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோனார். ஒன்பது வயது எமில் அந்தப் பெட்டியின்மேல்தான் இருந்து போனான். இருபது வருடம் கழித்து அகதி முகாமிலிருந்து திரும்பும்போதும் சுரூபம் அப்படியேதான் வந்தது. ஒரு கீறல் இல்லை. பிறகு என்ன குமிழும் கிமிழும்? மூன்று நாள் வெய்யிலில் சாதாளையைக் காயப்போட்டு, மணல் உதறி, அடியில் ஒரு படுக்கை, நடுவில் அந்தோனியார், சுற்றிவரக் கோப்பைகள், மேலே ஒரு படுக்கை என்று கட்டி ஆட்டிப் பார்த்தான். பெட்டி கல்லுப்போல இருந்தது. மனைவி யசிந்தா, ஜெயனி பிளாஸ்ரிக்கில்தானே கட்டச் சொன்னவள் என்று கேட்டதற்கு, காய்ந்த புல்லில் என்ன உயிரா இருக்கிறது என்று எரிந்து விழுந்தான். பாவிக்காத உருளை அலுமாரிக்கு மேலே ஏறியது.

அந்த உருளை இப்போது, திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவனை, அலுமாரிக்கு மேலிருந்து பார்த்தது. சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை உப்புக்குளத்துப் பைசர் லொறி கொண்டுவந்தார். எமிலின் நண்டைக் கொழும்புக்கு ஏற்றுகிறவர் அவர்தான். அவருடைய மச்சினன் ஒருவன் அவுஸ்திரேலியாவில் இருப்பது எமிலுக்குத் தெரியும். யாருக்கோ நடந்தது என்பதுபோல மெல்லக் கதையை விட்டான். அங்கே சாமான் அனுப்புகிறபோது இந்தக் கடற்புல்லு மாதிரி ஏதாவது இருந்தால் பிரச்சினையா என்று கேட்டான். பைசர் சிரித்தார். மச்சினனின் உம்மா பையில் ஒரு பொதி கருவாடு கொண்டுபோனதையும், படிவத்தில் இல்லை என்று கோடு போட்டதையும், விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் மனிசியை இருத்தி வைத்து விசாரித்ததையும் விலாவாரியாகச் சொன்னார்.

"சாமான் கொண்டுபோனதுக்குக்கூட அவ்வளவு கோவமில்லையாம். பொய் எழுதினதுக்குத்தான் கோவம். விசாவிலயும் கை வைப்பினம் எண்டு வெருட்டினவையாம்."

சொல்லிவிட்டு அவர் லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எமில் கால் கட்டாத ஒரு நண்டைக் கவனமில்லாமல் தூக்கி, பெருவிரலில் கடி வாங்கினான். இத்தனை வருடத்தில் அவன் வாங்காத கடி.

யசிந்தா விரலைக் கட்டிவிட்டபடியே காரணத்தைக் கேட்டுக் கறந்துவிட்டாள். கேட்டதும் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனும் கத்தியிருப்பான், கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கைத்தொலைபேசியை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"இப்பவே எடுத்துச் சொல்லுங்கோ. அவள் இன்னும் படிவம் குடுத்திருக்க மாட்டாள்."

சொல்லுகிறேன் என்றான். சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்குப் பைசரின் கதையிலேயே விளங்கியிருந்தது. பெட்டியை அப்படியே கொண்டுபோய் எரிப்பார்கள். இரண்டு முறை கடல் தாண்டிய அந்தோனியார் மூன்றாவது முறை எரிந்து போவார், அம்மா கடைசியாகச் சொன்ன ஒரே விஷயம் அதோடு சரி. சொல்லாவிட்டால்? ஆறு பெட்டியையுமா திறக்கப் போகிறார்கள்? ஒன்றைத் திறப்பார்கள், இரண்டைத் திறப்பார்கள். நிறோஜன் கட்டிய கட்டைப் பார்த்தாலே, இவன் சுத்தமான ஆள் என்று மிச்சத்தை விட்டுவிடுவார்கள். இப்படி அவன் தனக்குத் தானே பூசி மெழுகிக்கொண்டு பின்னேரம் கோயிலுக்குப் போனான்.

கோயிலில் அந்தோனியாருக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றி முழந்தாளில் நின்றான். ஊரெல்லாம் தொலைந்த சாமானைக் கண்டுபிடித்துத் தாரும் என்று கேட்கிற புனிதரிடம், உம்மை ஒருவரும் கண்டுபிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் என்று கேட்ட முதல் ஆள் இவனாகத்தான் இருக்க வேண்டும். கேட்டு முடித்ததும் அவனுக்கே வெட்கமாகிவிட்டது. திரி பாதி எரிவதற்குள் எழுந்து வந்துவிட்டான்.

புதன்கிழமை காலை பத்தரைக்கு ஜெயனியின் குரற்செய்தி வந்தது. படிவம் கொடுத்தாயிற்றாம். அண்ணா சொன்னபடியே எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டாளாம். நாளைக் காலை அங்கத்தைய பத்து மணிக்கு ஆறு பெட்டிகளையும் திறந்து பார்ப்பார்கள், சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடும், அந்தோனியாருக்கு யன்னலோரம் ஒரு பலகை அடித்து வைத்திருக்கிறோம் என்று சொல்லிச் சிரித்தாள்.

ஆறையும். எமில் அந்தச் செய்தியை மூன்று தரம் கேட்டான். ஒவ்வொரு தரமும் கையெழுத்து என்ற சொல்லில் நிறுத்தினான். திங்கட்கிழமை அது அவன் பொய். இப்போது அது அவள் பொய். அவள் பெயரில், அவள் கையெழுத்தில், அவள் விசாவை வைத்திருக்கிற அரசாங்கத்தின் மேசையில் கிடக்கிறது.

உடனே எடுத்தான். மணி அடித்து ஓய்ந்தது. மீண்டும் எடுத்தான். அங்கே நேரம் நாலரை மணித்தியாலம் முன்னே. அவளுக்குப் பின்னேர வேலை, கைத்தொலைபேசியைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் வார்ட்டுக்குள் போகவேண்டும். அவள் வெளியே வருகிறபோது அங்கத்தைய அரசாங்கக் கந்தோர்கள் எல்லாம் எப்போதோ பூட்டியிருக்கும். விடிந்தால் பெட்டி திறந்துவிடும். எமில் வாடியைச் சுற்றி நடந்தான், தண்ணீர் குடித்தான், மீண்டும் எடுத்தான். கடற்கரையில் சாதாளை வழமைபோல ஒதுங்கிக் கிடந்தது. அதைக் காலால் உதைத்தான்.

இன்னும் ஒரு ஆளுக்கு எடுக்கலாம். அது எமிலுக்கு முதலிலேயே தெரியும். தெரிந்துகொண்டுதான் முக்கால் மணித்தியாலம் ஜெயனியின் இலக்கத்தையே அழுத்திக்கொண்டிருந்தான். காற்றைச் சுற்றுகிறாய் என்று யாரை நக்கலடித்தானோ அவனிடம் போய், உன்னுடைய காற்றை நான் பாவிக்கவில்லை என்று சொல்லவேண்டும். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு நிறோஜனுக்கு எடுத்தான்.

ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். சாதாளை, மூன்று நாள் வெய்யில், பொய், எல்லாம்.   

"மச்சான்," என்றான் நிறோஜன், "நான் அந்த உருளையை உங்கட கையில தந்திட்டுத்தானே வந்தனான்."

அவ்வளவுதான் சொன்னான். அடி வாங்கியிருந்தால் இதைவிடத் தாங்கியிருக்கலாம் என்று எமிலுக்கு இருந்தது. பிறகு நிறோஜன் நேரத்தைப் பார்த்தான். கந்தோர் பூட்ட இன்னும் அரை மணித்தியாலம் இருப்பதாகவும், முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டு எழுத்திலும் அனுப்புவதாகவும் சொன்னான். பெட்டியை என்ன செய்வது என்று கேட்பார்கள், எரிக்கச் சொல்லவும் கூடும் என்றான்.

"எரிச்சாலும் பரவாயில்லை. பிழை என்னிலயெண்டு எழுது. அவளுக்குத் தெரியாதெண்டு எழுது," என்றான் எமில். சொன்ன பிறகு வாடிக்குள் போய், ஒருவருக்கும் முகம் தெரியாமல் நண்டுப் பெட்டிகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டு அழுதான்.

பின்னேரம் ஆறு மணிக்கு ஜெயனி எடுத்தாள். வேலை முடிந்து பஸ்சுக்கு நிற்கிறாள் என்று பின்னால் கேட்ட வாகனச் சத்தத்தில் தெரிந்தது. நிறோஜன் எல்லாம் சொல்லியிருந்தான். அவள் ஏசுவாள், ஏசி முடித்தால் மனம் ஆறுவாள் என்று எமில் காத்திருந்தான்.

"ஏன் அண்ணா எனக்குப் பொய் சொன்னீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். "நான் வாசிச்சுக்கூடப் பாக்கேல்லை. நீங்கள் சொன்னதெண்டு கையெழுத்து வைச்சனான்."

 பஸ் வந்துவிட்டது என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை இங்கே ஐந்தரைக்கு அங்கே பத்து மணி. எமில் ஐந்து மணிக்கே வாசலில் வந்து நின்றான். கடலுக்குப் போன வள்ளங்கள் திரும்பின, நண்டு வந்தது, யசிந்தாதான் நிறுத்து வாங்கினாள். ஒன்பது மணிக்கு நிறோஜனின் செய்தி வந்தது. சாதாளை முழுவதையும் எடுத்து அழித்துவிட்டார்களாம். பெட்டியையும் சாமானையும் துப்புரவாக்கி, புதிதாகக் கட்டித் தருவார்களாம். முந்திச் சொன்னபடியால் எச்சரிக்கைக் கடிதம் ஒன்றோடு விட்டுவிட்டார்கள், ஜெயனியின் பேரில் வேறொன்றும் இல்லை என்று எழுதியிருந்தான். அந்தோனியார் எரியவில்லை. எமில் அந்தச் செய்தியை யசிந்தாவுக்குச் சத்தமாக வாசித்தான். அன்றுதான் மூன்று நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டான்.

சனிக்கிழமை காலை வீடியோவில் எடுத்தார்கள். நிறோஜன் கைத்தொலைபேசியைப் பிடித்திருந்தான், ஜெயனி நிலத்தில் இருந்து பெட்டிகளைத் திறந்தாள். அவள் முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் இடியப்ப உரலும், கலியாண அல்பமும், ஆறு கிளாசும் ஒவ்வொன்றாகக் குமிழுக்குள்ளிருந்து வெளிவர வர, அவளை அறியாமலே சிரிப்பு வந்தது. ஐந்து பெட்டியிலும் ஒரு கிளாஸ்கூட உடையவில்லை. எமில் வாழ்க்கையில் முதல்முறையாக, மச்சான் நல்லாக் கட்டியிருக்கிறீர் என்றான். மனதாரத்தான் சொன்னான்.

ஆறாவது பெட்டியில் வேறு நிற நாடா ஒட்டியிருந்தது. அவள் மூடியைத் திறந்ததும், யாரும் ஒன்றும் சொல்லுமுன்னரே எமிலுக்குத் தெரிந்துவிட்டது. பாதிப் பெட்டி காலி. கசக்கிய தாள்கள் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தன. இவ்வளவு இடைவெளியில் அவன் ஒரு நண்டைக்கூட மன்னார்ப் பாலம் தாண்ட விடமாட்டான். கோப்பைகளில் இரண்டு வெடித்திருந்தன. ஜெயனி கடைசியில் சுரூபத்தைத் தூக்கித் தாளைப் பிரித்தாள்.

அந்தோனியாரின் முகம் அப்படியே இருந்தது. இடக் கை முழங்கையோடு இல்லை. அந்தக் கையில் இருக்கிற குழந்தை யேசுவைத் தாள்களுக்குள் கிளறித் தேடி எடுத்து, ஜெயனி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து திரையைப் பார்த்தாள்.

"அண்ணா, இது அங்கயே உடைஞ்சதோ?"

எமிலுக்குக் கேள்வி உடனே விளங்கவில்லை. விளங்கியபோது முகம் சுட்டது.

"இல்லைப் பிள்ளை. முழுசாத்தான் வைச்சனான்."

"நான் கோவிக்க மாட்டன். அம்மான்ர ஆண்டுப் பூசையண்டு ஆரும் தட்டி விழுத்தியிருந்தாலும் பரவாயில்லை. உண்மையைச் சொல்லுங்கோ."

அந்தப் பெட்டிக்குள் இருக்கிற இடைவெளியைப் பார் என்று சொல்ல வந்தான். சாதாளையோடு விட்டிருந்தால் இன்னும் பத்துக் கடல் தாண்டியிருப்பார் என்று சொல்ல வந்தான். அவ்வளவும் உண்மை. அவ்வளவும் பழைய எமிலின் பெருமைக் கதை மாதிரியே நாக்கில் வந்து நின்றது. விழுங்கிக்கொண்டான்.

"முழுசாத்தான் வைச்சனான்," என்றான் மீண்டும்.

ஜெயனி குழந்தை யேசுவைப் பக்கத்தில் இருந்த கோப்பைக்குள் வைத்தாள்.

"சரி அண்ணா," என்றாள்.

'நீங்கள் சொன்னா' என்பதை அவள் விட்டுவிட்டாள். வேண்டுமென்று விட்டாளா, தற்செயலா என்று எமில் அவள் முகத்தில் தேடினான். அவள் அதற்குள் குனிந்து தாள்களைப் பொறுக்கத் தொடங்கியிருந்தாள். நிறோஜன், நல்ல பசை வாங்கி ஒட்டிவிடலாம் மச்சான், தெரியவே தெரியாது என்று ஆறுதல் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தான்.

பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த யசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"நான் பாத்தனான்தானே. நீங்கள் வைக்கேக்க கை, பிள்ளை எல்லாம் முழுசா இருந்தது. எடுங்கோ, நான் சொல்லுறன் அவளுக்கு."

எமில் தலையாட்டி மறுத்தான். கைத்தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"வேண்டாம். போன திங்கக்கிழமையெண்டா, நான் சொன்னதே அவளுக்குப் போதுமாயிருந்திருக்கும்."